ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்

செத்தவன் பதில் எழுத மாட்டான் என்பதை உலகம் பொதுவாக ஒப்புக்கொண்டிருக்கிறது. திறந்தவாசல் அறக்கட்டளை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கையில் ஆதாரம் இருந்தது. அக்காவின் தம்பி போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகியும், யார் எழுதினாலும் மறு நொடியே பதில் போட்டுக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோது பதில் போட இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வான். செத்த பிறகுதான் இந்தச் சுறுசுறுப்பு. பதில் என்னவோ எப்போதும் ஒன்றேதான்: "நன்றி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்."

அக்கா என்றால் யாருக்கு அக்கா என்று கேட்கக்கூடாது. அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையில் முதலாளியே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் லென்ஸைப் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாய் திறக்காத மனுஷன். "என்னங்க, முன்னறைக்குப் பச்சைத் திரை போடட்டுமா?" என்று கேட்டால் சும்மா இருப்பார். சும்மா இருந்தால் சரி என்று அர்த்தம் என்று கல்யாணமான முதல் வாரமே அக்கா முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவை வைத்தே இத்தனை வருஷமும் குடித்தனம் ஓடியது. தம்பியை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் மனுஷன் சும்மாதான் இருந்தார். அப்படித்தான் தம்பி பின்னறைக்கு வந்தான். வந்தவன் நாற்காலியும் கம்ப்யூட்டருமாக அங்கேயே வேர்விட்டுவிட்டான்.

அவன் செய்த சாப்ட்வேரின் பெயர் 'கிழமை'. இன்றைக்கு என்ன கிழமை, வேலைநாளா விடுமுறையா என்று சொல்லும். அவ்வளவுதான். ப்பூ, இதுவா என்று நீங்கள் நினைப்பீர்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வங்கியில், ஆஸ்பத்திரியில், ரயில் நிலையத்தில் இருக்கும் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் கிழமை தெரியாதாம். பொழுது விடிந்ததும் ஒவ்வொன்றும் இந்தப் பின்னறை மிஷினைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளுமாம். தம்பி இதைத் திறந்த மூல மென்பொருளாக விட்டிருந்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம், அவனுக்கு ஒரு காசும் தரவேண்டாம் என்று அதற்கு அர்த்தம். ஜனங்களும் எடுத்தார்கள், கம்பெனிகள் விற்றன. திருத்துவதற்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. அதைப் பெருந்தன்மையோடு தம்பிக்கே விட்டுவிட்டார்கள். இப்படி இலவசமாக விட்ட சாப்ட்வேர்களையெல்லாம் மேற்பார்வை பார்ப்பதுதான் திறந்தவாசல் அறக்கட்டளை.

வாரம் முழுக்க வேறு ஒரு ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறன்று உட்கார்ந்து இந்த ஊர்வேலையைச் செய்வான். உலகத்துக்கெல்லாம் எது ஞாயிறு என்று சொன்னவனுக்கு ஒரு ஞாயிறு வாய்க்கவில்லை. நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் ஏதோ பிடித்து இழுக்கிறது என்றான் ஒரு நாள். டாக்டரிடம் போடா என்று அக்கா கத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்க்கா."

செத்தது வியாழக்கிழமை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே. மிஷினில் தானாகப் பதில் போடுவதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. அதில் அன்றைக்குக் காலையில்தான் அதே வாக்கியத்தை எழுதிவைத்திருந்தான். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அக்கா துடைப்பத்தோடு பின்னறைக்குள் போய் மிஷினின் பிளக்கில் கை வைத்தாள். வைத்த கை வைத்தபடி இருக்க, ஃபோன் அடித்தது. "மேடம், திறந்தவாசல் அறக்கட்டளையிலிருந்து பேசறோம். அங்க எதையும் தொட்டுடாதீங்க. ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கு." அக்கா பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த அறை அப்படியே கிடந்தது. நாற்காலி முதுகில் அவன் சட்டை, மேஜைமேல் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். மிஷினுக்குள் சுழலும் சின்ன ஃபேன் நாள் பூராவும் "ம்ம்ம்" என்றது. காதில் வாங்காமல் ஆமோதிக்கும்போது தம்பி இப்படித்தான் "ம்ம்" என்பான். அக்கா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பாள். சில நாள் பழக்கதோஷத்தில், "டேய், சாப்பிட வாயேன்டா" என்று கூப்பிட்டும்விடுவாள். "ம்ம்ம்" என்று பதில் வரும்.

போதும்டா சாமி என்று ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அறக்கட்டளைக்குக் கிளம்பினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த வாக்கியம் நிற்கவேண்டும். செத்தவனைச் செத்தவன் என்று சொல்லி விட்டுவிட வேண்டும்.

கட்டிடம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் ஆள் உயர எழுத்தில் 'எல்லோரும் உள்ளே வரலாம்' என்று எழுதியிருந்தது. கதவைத் தள்ளினால் திறக்கவில்லை.

"கார்டு இருக்கா?" என்றார் காவலாளி.

"எல்லாரும் வரலாம்னு எழுதியிருக்கே?"

"எழுதியிருக்கறது கொள்கைங்க. இது கதவு."

கடைசியில் சமூகப் பொறுப்பாளர் என்று ஒரு அம்மாள் வந்து கதவைத் திறந்து, அக்காவைக் கட்டிப்பிடித்து, "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றாள். கழுத்தில் நாலு கார்டு தொங்கியது. உள்ளே சுவர் நிறைய புகைப்படங்கள். நடுநாயகமாகத் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கீழே 'இந்த ஆண்டின் ஓயாத உழைப்பாளி. சராசரி பதில் நேரம்: ஒரு நொடிக்கும் குறைவு' என்று பித்தளையில் பொறித்திருந்தார்கள்.

"இது எப்ப கொடுத்தீங்க?"

"போன மாசம். விழாவுக்கு அவரால வரமுடியலை. ஆனா அழைப்பு அனுப்பின உடனே நன்றி சொல்லிட்டார். எவ்வளவு அடக்கம் பாருங்க!"

செத்தும் கொடுத்தான் என்று ஊரில் கதை சொல்வார்கள். செத்த பிறகும் வாங்கிக்கொண்டிருந்தார்களே, இவர்களை எந்தக் கதையில் சேர்ப்பது?

கூட்ட அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இங்கே பெரியவர் சிறியவர் கிடையாது என்று காட்டுவதற்காக வட்டம். செயலாளரின் நாற்காலி மட்டும் ஒரு சாண் உயரம். அவருக்குப் பக்கத்தில் புரவலர். அறக்கட்டளைக்கு நன்கொடை தரும் பெரிய கம்பெனியின் பிரதிநிதி அவர்.

"ஐயா, என் தம்பி செத்துட்டான்" என்றாள் அக்கா.

"உங்க கருத்துக்கு ரொம்ப நன்றி" என்றார் செயலாளர்.

"இது கருத்து இல்லைங்க."

"இங்க எல்லாமே முதல்ல கருத்துதான்மா. திறந்த விவாதம் நடக்கணும், யாரும் மறுக்காம இருக்கணும். அப்புறம்தான் உண்மைன்னு பதிவாகும்."

அக்கா கைப்பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். செயலாளர் அதை இரண்டு விரலால் வாங்கிப் பார்த்து, அதே இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தார். "அரசாங்கம் கொடுத்ததா? நல்லது. ஆனா அவங்க நம்ம சமூகத்துல உறுப்பினர் இல்லையே."

பிறகு அவர் அமைப்பின் வழக்கத்தை விளக்கினார். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு மனதைப் புண்படுத்துமாம். ஒருவர் முன்மொழிவார், மூன்று நாளில் யாரும் மறுப்பு எழுதாவிட்டால் அது நிறைவேறியதாக அர்த்தம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"இந்த விஷயத்துல உங்க தம்பி மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்கவே முடியாது" என்று சமூகப் பொறுப்பாளர் உருகினாள். "முன்னாடியெல்லாம் கொஞ்சம் கோபப்படுவார். ஏன் நான் மட்டுமே செய்யணும்னு கேட்பார். இப்ப சில மாசமா எதையுமே எதிர்க்கறதில்லை. அப்படி ஒரு பக்குவம். அதனால எல்லாக் குழுவுக்கும் அவரையே தலைவராப் போட்டிருக்கோம்."

"எந்தக் குழுவுக்கு?"

"நிதிக் குழு, ஒழுங்குக் குழு. அப்புறம் பராமரிப்பாளர்களோட ஓய்வுக்கும் உடல்நலத்துக்கும் ஒரு குழு இருக்கு. அதுக்கும் அவர்தான்."

அக்கா வாயடைத்துப்போனாள். அவள் வாயடைத்ததைச் செயலாளர் ஆமோதிப்பாகக் குறித்துக்கொண்டார்.

"அந்த மிஷினையாவது எங்க வீட்டுலேருந்து எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள் ஒருவாறு சமாளித்துக்கொண்டு.

"அதுக்கும் குழு போட்டாச்சு. தலைவர் வந்து முதல் கூட்டத்தைக் கூட்டணும். அவர் ஞாயித்துக்கிழமை பார்க்கறதாச் சொல்லியிருக்கார்."

புரவலர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான், முகத்தில் துக்கம் வேண்டிய அளவுக்கு இருந்தது. "மேடம், ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். உங்க தம்பியோட உழைப்பை வச்சு நாங்க ஒரு காசு சம்பாதிக்கலை. அதை இலவசமா எடுத்தோம், இலவசமாத்தான் கொடுக்கறோம். அதைப் போட்டுக் கொடுக்கற டப்பாவுக்கு மட்டும்தான் விலை."

"டப்பாவுக்குள்ள வேற என்ன இருக்கு?"

"வேற எதுவும் இல்லை. அதுதான் எங்களோட நேர்மை."

"அவனுக்கு நீங்க ஏதாவது கொடுத்திருக்கலாமேங்க. ஆபீஸ் வேலையை விட்டுட்டு, கொஞ்சம் தூங்கியாவது இருப்பான்."

புரவலர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "காசா? ஐயையோ! காசு கொடுத்தா இந்த மாதிரி ஆளுங்களோட ஆர்வமே செத்துடும்னு ஒரு ஆய்வு இருக்கு மேடம். பெரிய ஆய்வு. நாங்கதான் அதுக்குப் பணம் கொடுத்தோம். அதோட, நாங்க ஒண்ணுமே தரலைன்னு சொல்லாதீங்க. வருஷா வருஷம் டீ-ஷர்ட் அனுப்பறோமே!"

அது உண்மை. டீ-ஷர்ட்டுகள் வந்துகொண்டிருந்தன. நெஞ்சில் 'நான் கொடுத்தேன்' என்று எழுதியிருக்கும். எல்லாம் தம்பியைப்போல் இரண்டு பேர் நுழையும் அளவு. அக்கா அவற்றைக் கிழித்துக் கடையில் லென்ஸ் துடைக்க வைத்திருந்தாள். பருத்தித் துணி நல்ல துணிதான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கொட்டி முழக்கிவிட்டு, கடைசியில் நெய்க்காரன் வீட்டுக்குத் துடைக்கத் துணி அனுப்புகிறார்கள். சனியன், சொன்னாலும் புரியாது இந்தப் படித்த கூட்டத்துக்கு.

"சரி, அந்த ஒரு வாக்கியத்தையாவது நிறுத்திடுங்க. என்னால தாங்க முடியலை. கடைசியா எங்கிட்ட சொன்னதும் அதேதான்" என்றபோது அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

செயலாளர் மேஜைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை அன்போடு அவள் பக்கம் நகர்த்தினார். "அதை மாத்தற அதிகாரம் 'கிழமை'யோட பராமரிப்பாளருக்கு மட்டும்தான்மா. அதாவது உங்க தம்பிக்கு. ஆனா உங்களுக்காக ஒண்ணு செய்யறேன். 'பராமரிப்பாளர் இறந்துவிட்டார்'னு நானே முன்மொழியறேன். மூணு நாள். யாரும் மறுக்கலைன்னா முடிஞ்சுது."

யார் மறுக்கப்போகிறார்கள்? அக்கா வீட்டுக்கு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு பின்னறை ஜன்னலைத் திறந்துவைத்தாள். "போயிடலாம்டா, இன்னும் கொஞ்சம் பொறு" என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். மிஷின் "ம்ம்ம்" என்றது. வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் செயலாளரே ஃபோன் செய்தார். குரலில் சங்கடம். "அம்மா, ஒரு சின்னச் சிக்கல். தீர்மானத்தை ஒத்திவைக்க வேண்டியதாப் போச்சு. ஒருத்தர் பரிசீலிக்க அவகாசம் கேட்டிருக்கார்."

"யாரு?"

"உங்க தம்பிதான்."

அக்கா ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"தீர்மானத்தை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பினோம். வேற யாரும் படிக்கவே இல்லை. அவர் ஒருத்தர்தான் பொறுப்பாப் பதில் போட்டார். நன்றி, ஞாயித்துக்கிழமை பார்க்கறேன்னு."

"ஐயா, அது மிஷின் போடற பதிலுங்க!"

"மனுஷன், மிஷின்னு நாங்க பாகுபாடு பார்க்கறதில்லைம்மா. அது எங்க நடத்தை விதியிலேயே இருக்கு. அதோட, ஒருத்தர் இறந்துட்டாரா இல்லையாங்கறதுல சம்பந்தப்பட்டவரோட கருத்தைத் தாண்டி நாம எப்படி முடிவெடுக்கறது? அது மரியாதையா இருக்குமா?"

"எந்த ஞாயித்துக்கிழமை பார்ப்பானாம்?"

"அதை அவர் சொல்லலை. அவசரப்படுத்தவும் கூடாது. இலவசமா வேலை செய்யறவர் பாருங்க."

அக்கா ஃபோனை வைத்தாள். நேராகப் பின்னறைக்குப் போனாள். "என்னங்க, நான் இதை அணைக்கப்போறேன்" என்றாள். வீட்டுக்காரர் சும்மா இருந்தார். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேன் இரண்டு சுற்று இழுத்து நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் அவள் நாற்காலியின் காலடியில் தரையில் உட்கார்ந்து, தம்பி செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகை அழுதாள்.

மறுநாள் உலகத்துக்குக் கிழமை தெரியவில்லை. கண்ணாடிக்கடை பில் மிஷின், இன்றைக்கு எந்த நாளும் இல்லை, அதனால் பில் போட முடியாது என்றது. வங்கிகள் பாதிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விழித்தன. ஊரில் இருக்கிற லிஃப்ட்டெல்லாம் விடுமுறை என்று நினைத்துக் கீழ்த்தளத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டிடம் கட்டிடமாக ஓடினார். யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. செய்தியில் ஒரு நிபுணர் வந்து, இது எதிரி நாட்டின் சதியாக இருக்கலாம் என்றார். சதி சமையலறையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அறக்கட்டளை முழுசும் வாசலில் வந்து நின்றது. கறுப்பு உடை, கையில் மலர்வளையம். சமூகப் பொறுப்பாளர் தேம்பித் தேம்பி அழுதாள். புரவலருக்குக்கூட நிஜமாகவே கண் சிவந்திருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் சந்தேகப்படலாம். இவர்கள் அழுததில் பொய்யே இல்லை, அதைப் பார்த்துத்தான் அக்காவுக்குக் குலைநடுங்கியது.

"எப்பம்மா நடந்துச்சு?" என்றார் செயலாளர் தழுதழுத்து.

"என்னது?"

"தம்பி... எப்ப போனார்?"

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். மனுஷன் விளையாடவில்லை.

"நேத்து மத்தியானத்துலேருந்து பதில் வரலை. அப்பவே எனக்கு மனசு சரியில்லை" என்றார் செயலாளர். "கூட யாராவது இருந்தீங்களா?"

"நான்தான் இருந்தேன். நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் அரை அடி பின்னால் நகர்ந்தார்கள். கொலைகாரியின் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாதவர்கள்போல நின்றார்கள். செயலாளர் கையிலிருந்த கருவியில் ஏதோ குறித்துக்கொண்டார். அறக்கட்டளையின் பதிவில் தம்பி இறந்த தேதி அதுதான் என்று இன்றைக்கும் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'அக்கா' என்று இருக்கிறது.

"நடந்தது நடந்துபோச்சு. யார்மேலும் பழி சொல்றது நம்ம பண்பாடு இல்லை" என்று பெருமூச்சு விட்டார் செயலாளர். "இப்ப ஆக வேண்டியதைப் பார்ப்போம். அந்த மிஷினை எங்க அணைக்கணும்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். அப்ப எங்க போடணும்னும் தெரியும். அதனால அடுத்த பராமரிப்பாளரா உங்களை முன்மொழியறேன்."

"எனக்கு இந்த சாப்ட்வேர் கீப்ட்வேர் ஒண்ணும் தெரியாதுங்க!"

"ஆர்வம் இருந்தா போதும்மா. சம்பளம் இல்லாத வேலைக்குத் தகுதி பார்க்கக் கூடாது."

"முடியாது. நான் மறுக்கறேன்."

"தாராளமா மறுக்கலாம். ஆனா வாயால சொன்னா செல்லாது. உறுப்பினர் மெயில் பட்டியலுக்கு எழுதணும், மூணு நாளுக்குள்ள."

"அனுப்பறேன். எங்க இருக்கு அந்தப் பட்டியல்?"

செயலாளர் கொஞ்சம் நெளிந்தார். "அது... உங்க தம்பியோட மிஷின்லதான் ஓடுது. இடம் இலவசமாக் கொடுத்திருந்தார்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மறுக்கவேண்டும் என்றால் மிஷினைப் போடவேண்டும். மிஷினைப் போட்டால் அந்த வாக்கியம் திரும்பவும் கிளம்பிவிடும். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வாக்கியத்தை மாற்றும் அதிகாரம் பராமரிப்பாளருக்கு மட்டும்தான் என்று இதே மனுஷன்தானே சொன்னார்?

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாளும் மூடியே வைத்திருந்தாள். கடையில் முதலாளி தொண்டைக்கு வெந்நீர் குடிக்கச் சொன்னார். நாலாம் நாள் ஏகமனதாக அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. கூடவே ரகசியச் சொல்லும், ஒரு டீ-ஷர்ட்டும். அதில் அவளும் வீட்டுக்காரரும் சேர்ந்தே நுழையலாம்.

மிஷினைப் போட்டாள். "ம்ம்ம்" என்று எழுந்தது. தானாகப் போகும் பதிலுக்கான இடத்தைக் கண்டுபிடித்து, தம்பியின் வாக்கியத்தை எழுத்தெழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: "தம்பி இறந்துட்டான். இனிமே பார்க்க மாட்டான். அக்கா."

காத்துக்கிடந்த அத்தனை பேருக்கும் அது போயிற்று. அக்கா பெருமூச்சு விட்டாள். அந்த நிமிஷத்தோடு கதையை முடித்திருந்தால் அவளுக்கு நல்லது.

ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒரு நர்ஸ் எழுதினாள்: "ஐயோ! எனக்குத் தெரியாதுங்க. ஏன் சரி பண்ணலைன்னு போன வாரம்கூட அவரைத் திட்டி எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க அக்கா. எப்படி இறந்தார்?" இத்தனை மாதத்தில் ஒருவர் ஐயோ என்றது அதுதான் முதல் தடவை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினாள். நர்ஸ் ஆறுதல் சொன்னாள். கிழமை தெரியாமல் போன நாட்களில் வார்டில் ஒரு காகித காலண்டர் வாங்கி மாட்டிவிட்டோம், அதுவே நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு கீழே ஒரு வரி: "அடுத்த மாசம் ஒரு விடுமுறை மட்டும் எங்க பில்லுல தப்பாக் காட்டுது. முடிஞ்சா பாருங்க அக்கா. அவசரமில்லை."

பார்த்தாள். விடுமுறைகள் எல்லாம் வெறும் பட்டியலாகத்தான் இருந்தன. தேதியை மாற்றி எழுதினால் போதும். மாற்றினாள். நர்ஸ் நூறு நன்றி சொன்னாள். அடுத்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அடுத்து ஒரு ரயில்வே குமாஸ்தா. எல்லோரும் முதலில் துக்கம் விசாரித்தார்கள், பிறகு ஒரே ஒரு வரி கேட்டார்கள். அதிகாரம் பண்ணியிருந்தால் போங்கடா என்றிருப்பாள். இவர்களோ அக்கா அக்கா என்று கெஞ்சினார்கள். தம்பியை எது கட்டிப்போட்டிருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர எழுந்திருக்க முடியவில்லை. கடைவிட்டு வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போனாள். நாற்காலி முதுகில் கிடந்த சட்டையின்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். அறக்கட்டளையின் சுவரில் தம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்துவைத்தார்களாம்.

வீட்டுக்காரர் தினமும் பின்னறை வாசலில் வந்து நின்று பார்ப்பார். தட்டைக் கொண்டுவந்து வாசற்படியிலேயே வைப்பார், ஆறிய தட்டை எடுத்துப் போவார். ஒன்றும் சொல்லமாட்டார். அக்காவும் சரி என்று எடுத்துக்கொள்வாள்.

அப்படி ஒரு நாள் காலையில் வந்து நின்றவர், வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார்.

"நேத்து தோள்கிட்ட ஏதோ பிடிச்சு இழுக்குதுன்னியே. டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரோ ஒரு தபால்காரர் காத்திருந்தார்; பாவம், நல்ல மனுஷன்.

"ம்ம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்ங்க."

மிஷினின் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. அவள் இன்னும் இரண்டு வரி தட்டினாள். அப்புறம்தான் அவள் கை நின்றது. தான் சொன்னது தன் காதில் விழ அவ்வளவு நேரம் பிடித்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் அறைக்குள் வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அப்புறம் இப்போதுதான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான்" என்றார்.

குனிந்து பிளக்கைப் பிடித்தார்.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

பிடுங்கினார். ஃபேன் இரண்டு சுற்று இழுத்து நின்றது. முன்னறையில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. அவர் நாற்காலி முதுகிலிருந்த சட்டையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "செருப்பைப் போடு, கிளம்பலாம்" என்றார். ஃபோன் அடித்துக்கொண்டே இருக்க, அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள்.